சிரோக்கோ பிறந்த கதை

பதுளை மாவட்டத்து லுணுகலைப் பக்கத்தில் எந்தத் தேயிலை ஸ்டோருக்குள் நுழைந்தாலும் ட்ரையரின் இரைச்சல் காதை அடைக்கும். கொழுந்தை உருட்டும் ரோலருக்கு ஓடும் நேரமும் உண்டு, ஓயும் நேரமும் உண்டு. ட்ரையர் அப்படியல்ல. மூட்டிவிட்டால் அன்றைய தூள் முழுவதும் காய்ந்து முடியும்வரை ஓடியே தீரும். பின்பக்கத்துப் போறணையில் விறகு எரிகிறது. அந்தச் சூட்டில் இரும்புக் குழாய்கள் காய்கின்றன. குழாய்களை உரசிக்கொண்டு வரும் சுத்தமான காற்றைப் பெரிய விசிறி ஒன்று இழுத்து ட்ரையருக்குள் தள்ளுகிறது. உள்ளே ஓட்டை போட்ட தட்டுகள் சங்கிலியில் மெல்ல நகர்கின்றன, அவற்றின் மேல் தூள். ட்ரையர்காரர் இடைக்கிடை ஒரு பிடி அள்ளி, விரலால் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோகிறார். நொறுங்கினால் திருப்தி. நசிந்தால் தட்டின் ஓட்டத்தைக் குறைக்கிறார்.

விறகு எரியும் புகை தேயிலையைத் தொடவே கூடாது, சூடு மட்டும் போய்ச்சேர வேண்டும். இதுதான் அந்த இயந்திரத்தின் உயிர். இதை ஓர் இயந்திரமாக்கி உலகத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அனுப்பிய மனிதரின் பெயர் சாமுவேல் கிளிலண்ட் டேவிட்சன். பழைய டீமேக்கர்மார் "சிரோக்கோ" என்று சொல்வது அவர் செய்த ட்ரையரைத்தான். பொறியியல் படிக்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய கதை அது. ஏனென்றால் அது ஆய்வுகூடத்தில் பிறந்த இயந்திரம் அல்ல, தோட்டத்தில் பிறந்தது.

பச்சைக் கொழுந்தின் எடையில் 75 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ட்ரையரை விட்டு வெளியே வரும்போது அது 3 சதவீத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் மிஞ்சும். ஆகவே தேயிலைத் தொழிற்சாலை என்பது பெரும்பாலும் தண்ணீரை வெளியேற்றும் தொழிற்சாலை. அதில் பாதி வேலை வாட வைக்கும்போது நடக்கிறது, மீதி ட்ரையரில். ட்ரையருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. அரைத்த கொழுந்து புளித்துச் சிவந்து மணம் ஏறிக்கொண்டே வரும்போது, சரியான இடத்தில் அதை நிறுத்த வேண்டும். சூடு ஏறினால்தான் நொதியங்கள் அடங்கும். அந்த நேரம் பிந்தினால் மணம் போய்விடும். காய்ச்சல் அதிகமானால் கருகல் வாடை, குறைந்தால் பெட்டிக்குள்ளேயே பூஞ்சணம்.

தொடக்கத்தில் இதற்கெல்லாம் கரிநெருப்பு மட்டுமே இருந்தது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டுவார்கள், களிமண் அடுப்பில் கரி போட்டுக் கம்பித் தட்டில் காய வைப்பார்கள். அசாமிலும் கச்சாரிலும் இதே முறைதான். மரக்கரிக்காகக் காடு அழிந்தது. தட்டைத் தூக்கி, குலுக்கி, மறுபடி வைக்கும் ஆட்கள் நாள் முழுவதும் கரிப்புகையை மூச்சோடு இழுத்தார்கள். ஒரு தட்டு காய்ந்த விதம் அடுத்த தட்டு காயாது.

சூடான காற்றை விசிறியால் இழுக்கலாம் என்ற எண்ணம் அதற்கு முன்பே இலங்கை மலைகளில் எழுந்துவிட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கோப்பிக் காலத்தில், 1849இல், வில்லியம் கிளெரிஹ்யூ என்ற தோட்டத்துரை, கோப்பிக்கொட்டை பரப்பிய களஞ்சியத்தினூடாக விசிறிகளைக் கொண்டு சூடான காற்றை இழுக்கும் திட்டமொன்றை முன்வைத்துக் காப்புரிமையும் எடுத்தார். மழை விடாத மலையில் கோப்பியைக் காய வைக்க முடியாமல் தவித்தவருக்குத்தான் அந்த எண்ணம் வரும். பிறகு இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. கோப்பியோடு கோப்பிக் களஞ்சியங்களும் போயின.

டேவிட்சன் 1846இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் பெல்ஃபாஸ்டில் ஒரு சிவில் பொறியியலாளரிடம் சில காலம் வேலை பழகினார். அளப்பதும் வரைவதும் அங்கே கைவந்தன. தந்தை கச்சாரில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பங்கு வாங்க, 1864இல் பதினேழு பதினெட்டு வயதில் சின்னத்துரையாக அங்கே போனார். தேயிலைபற்றி அவருக்கு எதுவும் தெரியாது. போன இடத்திலும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சில வருடங்களில் அவரே தோட்டத்தை நடத்தினார், பிறகு கூட்டாளிகளின் பங்குகளையும் வாங்கினார்.

புத்திசாலி இளைஞன் ஒருவன் இயந்திரம் கண்டுபிடித்தான் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அவர் செய்த வேலையின் வரிசை முக்கியம். முதலில், தன் தோட்டத்தில் கையால் நடந்த ஒவ்வொரு வேலையையும் நின்று பார்த்தார். வாட்டுவது, உருட்டுவது, காய வைப்பது ஒவ்வொன்றிலும் எங்கே நேரம் போகிறது, எங்கே கொழுந்து கெடுகிறது என்று கவனித்தார். அடுத்ததாக, கிடைத்த பொருள்களைக் கொண்டு அங்கேயே செய்து பார்த்தார். பிறகு அயர்லாந்துக்குத் திரும்பி, வேறொருவரின் பட்டறையில் தன் வரைபடத்தைக் கொடுத்துச் செய்வித்தார். 1870களின் பிற்பகுதியில் முதல் சிரோக்கோ ட்ரையர் வந்தது. அடியில் அடுப்பு, அதற்குமேல் தட்டுகள், சூடான காற்று தானாக மேலே எழும். விசிறி கிடையாது. 1881இல் பெல்ஃபாஸ்டில் ஏழு தொழிலாளர்களுடன் சொந்தப் பட்டறையைத் திறந்தார். அதுதான் சிரோக்கோ வேர்க்ஸ்.

அதே காலத்தில் ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் ஜாக்சன் உருட்டும் இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய முதல் ரோலர் 1870களின் தொடக்கத்தில் அசாமில் ஓடியது. டெய்லரும் 1872 அளவில் லூல்கந்துரவில் தாமே ஒன்றைச் செய்தார். மூவரும் தேயிலைத் தோட்டத்தையொட்டி வேலை செய்தவர்கள். பிற்காலத்துக்கு வந்தாலும் இதேதான். கொழுந்தைக் கிழித்து நசுக்கிச் சுருட்டும் சீ.ரீ.சீ. இயந்திரத்தை 1930 அளவில் உண்டாக்கிய வில்லியம் மெக்கேர்ச்சர், அசாமின் ஆம்கூரித் தோட்டத்தின் துரை.

டேவிட்சனுக்கு ட்ரையரோடு பிரச்சினை தீரவில்லை. காற்றை மேல்நோக்கித் தானாக எழவிட்டால் வேகம் போதாது. தட்டுகள் கூடக்கூடக் காற்று திணறும். விசிறி வைத்தே தள்ள வேண்டும். அன்றைய விசிறிகளில் சில நீளமான இலைகளே இருக்கும். அவை பெரிதாக இருந்தால்தான் காற்று வரும், பெரிதாக இருந்தால் ஆட்டமும் இரைச்சலும் அதிகம். வருடக்கணக்காக மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, 1898இல் அவர் வந்துசேர்ந்த வடிவம் எல்லாரும் நம்பிவந்த வடிவத்துக்கு நேர் எதிரானது. இலைகள் குட்டையானவை. நாலைந்து அல்ல, பல பத்து. எல்லாம் சக்கரத்தின் விளிம்பில் நெருக்கமாக, சுழலும் திசையை நோக்கி வளைந்து நிற்கும். நடுவில் அகலமான வெறும் வாய். காற்று அந்த வாயால் நுழைந்து விளிம்பால் வீசப்படும்.

ஒரு கூடையைப் படுக்க வைத்துச் சுற்றியதுபோல் இருக்கும் அது. சிறிய உருவத்தில், குறைந்த வேகத்தில், அதிகக் காற்று. அதற்கு ஒரு குணமும் உண்டு, ட்ரையரில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. காற்றுக்கு எதிர்ப்புக் குறையக் குறைய இந்த விசிறி மோட்டரிலிருந்து இழுக்கும் சக்தி கூடும். தட்டு வெறுமையாக, கதவு திறந்து கிடக்கும்போது மோட்டர் சூடேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேயிலைக்காகச் செய்த விசிறி தேயிலையோடு நிற்கவில்லை. சுரங்கங்களுக்குள் காற்றனுப்பப் போனது, கப்பல்களுக்குள் போனது. 1903இல் பெல்ஃபாஸ்டில் திறந்த ரோயல் விக்டோரியா வைத்தியசாலையில், தண்ணீர் சொட்டும் தென்னைநார்க் கயிறுகளுக்கூடாகக் காற்றை இழுத்து, தூசி நீக்கி ஈரப்பதம் சரிசெய்து, வார்டுகளுக்கெல்லாம் அனுப்பியவை டேவிட்சனின் விசிறிகள். குளிரூட்டிய கட்டடங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வைத்தியசாலையிலிருந்து தொடங்குவதுண்டு. ஜப்பானில் இன்றும் இந்த வகை விசிறியைச் சிரோக்கோ விசிறி என்றே சொல்கிறார்கள். காரில் ஏ.சி. போடும்போது காற்றைத் தள்ளுவது இதே வடிவம். லெப்டொப் சூடாகும்போது உள்ளே முனகும் சிறிய புளோவரும் அதே குடும்பத்துப் பிள்ளை. கணினிப் பொறியியல் படிக்கும் பிள்ளை மடியில் வைத்திருக்கும் கருவிக்கும், அவளுடைய அம்மா கொழுந்து கொண்டுபோய்க் கொட்டும் ஸ்டோருக்கும் இருக்கும் உறவு அவ்வளவு நெருக்கமானது.

டேவிட்சன் 1921இல் இறந்தார், அதே வருடம்தான் சேர் பட்டமும் வந்தது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். ட்ரையருக்கு அருகில் நின்றவர்கள் டேவிட்சன்மார் மட்டுமல்ல. அவர்களைவிட நெடுநேரம், தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் எங்கள் ஆட்கள். எந்தக் கட்டத்தில் தூள் ஒட்டும், எந்த விறகு சீராக எரியும், கச்சான் அடிக்கும் மாதங்களில் வாட்டம் எத்தனை மணி நேரத்தில் முடியும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்த மணமே ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வறண்டு வீசும் காற்றில் பிறப்பது. அந்தக் காற்றை உடம்பால் அறிந்தவர்கள் லுணுகலையில் எத்தனையோ பேர். ஆனால் அவர்களில் ஒருவருடைய பெயரிலாவது ஓர் இயந்திரம் இல்லை.

காரணம் அறிவுக்குறைவு அல்ல. டேவிட்சனிடம் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. வேலைக்குப் பக்கத்தில் நின்றார். அளக்கவும் வரையவும் ஒருவரிடம் பழகியிருந்தார். செய்து பார்க்கக் காசும், செய்ததைத் தன் பெயரில் பதியும் உரிமையும் இருந்தன. எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது முதலாவது மட்டும். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அவற்றை அரசு ஏற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முன்னால் 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இலங்கையில் இன்று காப்புரிமை வழங்கும் புலமைச் சொத்துச் சட்டம் அதே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். அடுத்தடுத்த இரண்டு எண்கள். ஒருவர் இந்த நாட்டின் ஆளாகவும், தன் கண்டுபிடிப்பின் சொந்தக்காரராகவும் ஆவதற்கான இரண்டு தாள்களும் ஒரே வருடத்தில் வந்திருக்கின்றன. தாள் கிடைத்தது பெரிது. ஆனால் அதன் பின்னால் அளக்கவும் வரையவும் சொல்லிக்கொடுக்கும் இடம் வேண்டுமே.

அதுவும் வந்துகொண்டிருக்கிறது, மெதுவாக. லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ், நகரத்தைத் தொடுமுன்னே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் போகிறது. 2005இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் மெக்கட்ரோனிக்ஸ், கணினி விஞ்ஞானம் எல்லாம் இருக்கின்றன. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பும் அங்கே உண்டு. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. கணிதப் பிரிவு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கும் பொறியியல் தொழினுட்பம் என்ற இன்னொரு வழி அதனால் திறந்தது. பல்கலைக்கழக அனுமதியில் பதுளை மாவட்டத்துக்குப் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீடும் இருக்கிறது.

இடைஞ்சல் எது என்றும் சொல்லிவிட வேண்டும். உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டும். முதல் வருடத்தில் தடுமாறும் பிள்ளைகள் பாடம் தெரியாமல் தடுமாறுவதில்லை. வாடகை, சாப்பாடு, பஸ் காசு என்று லயத்து வீட்டின் சம்பளத்துக்கு மேல் போகும் கணக்கும் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே "உயர்ந்து வா" என்று மேடையில் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. உயர்தரம் முடிந்த கையோடு, பல்கலைக்கழகம் திறக்கும்வரை உள்ள மாதங்களில் ஆங்கிலத்துக்கென்று ஒரு வகுப்பு லுணுகலையிலேயே நடந்தால் பாதித் தடுமாற்றம் தீரும். ஊர்ச் சங்கங்கள் செய்யக்கூடிய வேலை அது.

பல்கலைக்கழகம் போகாதவர்களுக்கு இன்னும் ஒரு வாசல் இருப்பது பலருக்குத் தெரியாது. பெக்டரியில் வருடக்கணக்காக வெல்டிங் செய்தவரோ மோட்டர் சுற்றியவரோ, வகுப்புக்கே போகாமல், தான் கற்ற தொழிலைச் செய்து காட்டி என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் வாங்கலாம். முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை அது. அந்தச் சான்றிதழில் ஏழு மட்டங்கள் உண்டு. தொழிலாளியாகத் தொடங்கி, டிப்ளோமா வழியாக, பட்டத்துக்குச் சமமான ஏழாம் மட்டம்வரை ஏறிப்போக முடியும்.

புதிய தொழில்நுட்பம் என்றால் கொழும்பில், கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பது என்று நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டோருக்குள்ளேயே, நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டர் வந்திருக்கிறது. காய்ந்த தேயிலை சரிவான வாய்க்காலில் மெல்லிய நீரோட்டம்போல் விழும். விழும்போதே கமெரா ஒவ்வொரு துகளையும் பார்க்கிறது. கறுத்த இலையைப் போகவிட்டு, வெளிறிய காம்பைக் கண்ட இடத்தில் ஒரு சிறு குழாய் காற்றை "ப்ஸ்" என்று ஊதி அதை மட்டும் வேறு பக்கம் தள்ளுகிறது. எல்லாம் கண்மூடித் திறக்குமுன் நடக்கிறது. முன்பு பெண்கள் தரையில் உட்கார்ந்து விரலால் பொறுக்கிய காம்பு அது. அந்தக் கமெராவுக்கு எது காம்பு, எது இலை என்று நிறம் சொல்லிக்கொடுப்பது, அடைத்த குழாயைக் கண்டுபிடிப்பது, மென்பொருளைச் சரிசெய்வது எல்லாம் நல்ல சம்பள வேலை. பழுதானால் வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை மெஷின் காத்திருக்கிறது. காம்பைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ஒரு லுணுகலைப் பிள்ளை மெக்கட்ரோனிக்ஸ் படித்துவிட்டு வந்தால், அந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இன்னொரு வேலை இன்னும் யாரும் சரியாகத் தொடாமல் பல இடங்களில் கிடக்கிறது. வாட வைக்கும் நீண்ட தொட்டிகளின் முனையில் உள்ள விசிறிகள் இரவெல்லாம் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. தொடக்கத்தில் மேல் ஈரத்தை ஓட்ட அந்த வேகம் தேவை. கொழுந்து பாதி வாடியபின் தேவையில்லை. விசிறியின் கணக்கில் ஒரு விதி உண்டு: வேகம் குறைய, அது இழுக்கும் சக்தி மும்மடிக் கணக்கில் குறையும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8, அதாவது 0.51. மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது. மோட்டருக்கு இன்வேர்ட்டர் ஒன்று பூட்டினால் வேகத்தை மாற்றலாம். எப்போது மாற்றுவது என்பதுதான் கேள்வி. அதை இரவு இரண்டு மணிக்கு நித்திரைக் கண்ணோடு இருக்கும் ஒருவர் முடிவுசெய்வதற்குப் பதிலாக, ஈரப்பதத்தையும் சூட்டையும் அளக்கும் சிறு கருவியும் மலிவான ஒரு மைக்ரோகொன்ரோலரும் முடிவுசெய்யலாம். இன்வேர்ட்டர் தவிர்ந்த உதிரிப்பாகங்கள் எல்லாம் ஒரு கைத்தொலைபேசியின் விலையைவிடக் குறைவு.

ஆனால் அந்தக் கருவிக்கு எழுத வேண்டிய எண்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது. பசறையில் வாடுவதுபோல் தலவாக்கலையில் வாடாது, ஒரே தோட்டத்திலும் மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் ஒன்றல்ல. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, சாதாரண வெப்பமானி ஒன்று, ஒரு தராசு, ஒரு மின்மீட்டர், ஒரு கொப்பி. மணிக்கொரு தடவை குறித்துவைக்க வேண்டும். கச்சான் மாதங்களில் சில இரவுகள், வாடைக்காற்று மழையில் சில இரவுகள். டீமேக்கர் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் தொட்டியோரத்தில் நிற்க இடம் தருவார். உயர்தரப் பொறியியல் தொழினுட்ப மாணவர் ஒருவரும், தொட்டியில் கொழுந்து பரப்பத் தெரிந்த அவருடைய அண்ணன் ஒருவரும் சேர்ந்தால் இந்த வருடமே தொடங்கலாம்.